பின் வீலில் சத்தமா? "பேரிங் போச்சு" என்றதும் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்

காட்பாடி, சத்துவாச்சாரி, ஆற்காடு பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். மாற்றாத பேரிங்குக்கும் (வீல் உராயாமல் சுற்ற உள்ளே இருக்கும் வளையம்) மாற்றாத பிரேக் ஷூவுக்கும் சேர்த்து என்னிடம் 7,100 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். பணத்தைக்கூட விடுங்கள். பிரேக் பழுதாகிக் கிடந்த வண்டியை, "எல்லாம் புதுசு மேடம், தைரியமா ஓட்டுங்க" என்று சொல்லி ஹைவேஸுக்கு அனுப்பினார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒர்க்‌ஷாப் பெயரை இங்கே எழுதவில்லை. புகாரில் எழுதியிருக்கிறேன், அது போதும்.

வண்டி பழைய ஸ்விஃப்ட். காந்தி நகரிலிருந்து ஆற்காட்டுக்கு வேலைக்குப் போய்வர அதுதான். ஐப்பசி மழை விடாமல் பெய்த சமயம் நாங்கள் ஊரில் இல்லை. வண்டி ஹேண்ட் பிரேக் போட்டபடி வாசலிலேயே நனைந்து நின்றது. திரும்பி வந்து எடுத்தால் முதலில் நகரவே இல்லை. கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம், அப்புறம்தான் கிளம்பியது. அன்றிலிருந்து சரக், சரக் என்று உரசல். பாலாற்றுப் பாலத்தில் இடது பக்கக் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓரமாகப் போனபோது கைப்பிடிச் சுவரில் பட்டுத் திரும்பிய சத்தம் தெளிவாகக் கேட்டது. இடது பின் வீல்தான், சந்தேகமே இல்லை. சத்தம் எந்தப் பக்கம் என்று தெரியாதவர்கள் இப்படி ஒரு சுவரோரமாக ஓட்டிப் பாருங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் முதல் கேள்வியே "சார் வரலையா மேடம்?" என்பதுதான். கடன் கட்டுவதும் ஓட்டுவதும் நான், சார் எதற்கு? சரி, அதை விடுங்கள். பையன் ஒருவன் வண்டியை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போய் வந்தான். ஜாக்கி போடவில்லை, வீலைச் சுற்றிப் பார்க்கவில்லை. உரிமையாளர் நேராகத் தீர்ப்பே சொல்லிவிட்டார். "ரெண்டு பக்கமும் பேரிங் போயிடுச்சு மேடம். இப்படியே ஓட்டினா பைபாஸ்ல வீல் கழண்டு தனியா ஓடும். கொழந்தைங்கள வேற ஏத்திட்டுப் போறீங்க." இந்தக் கடைசி வரிதான் அவர்களுடைய ஸ்பானர். இதைக் கேட்ட பிறகு பேரம் பேச யாருக்கு மனசு வரும்?

மறுநாள் வண்டி வந்தது, கூடவே ஒரு துண்டுச் சீட்டு. பேரிங் இரண்டு 2,800, பிரேக் ஷூ செட் 1,500, டிரம் (பிரேக் பிடிக்கும்போது ஷூ உள்ளிருந்து அழுத்தும் இரும்புக் கிண்ணம்) கடைசல் 800, லேபர் 2,000. ஜிஎஸ்டி எண் கிடையாது. பழைய சாமான்களைக் கேட்டேன். "இரும்புக்காரன் காலைலயே அள்ளிட்டுப் போயிட்டான்" என்றார். முறையான பில் தந்தால்தான் பணம் என்று நின்றதும் முனகிக்கொண்டே அச்சடித்துத் தந்தார்கள். இன்றைக்குக் கையில் இருக்கும் ஆதாரம் அந்தக் காகிதம்தான்.

சத்தம் போகவில்லை. போனில் கேட்டதற்கு, "புது ஷூ மேடம், டிரம்மோட செட் ஆகணும், ஓட ஓட சரியாயிடும்" என்றார். இந்தப் பொய்யில் பாதி உண்மை. புது ஷூ டிரம்மில் முழுசாகப் படிய கொஞ்ச ஓட்டம் வேண்டும் என்பது நிஜம்தான். அதனால் நம்பத் தோன்றும். ஆனால் படிய வேண்டிய ஷூ பிரேக் அழுத்தாதபோதும் வீல் சுற்றும் ஒவ்வொரு முறையும் சரக் சரக் என்று இழுக்காது.

ரத்தினகிரி தாண்டிப் போகையில் சத்தம் இன்னும் மோசமானது. பிரேக் பிடித்தால் பின்பக்கம் லேசாக ஒரு பக்கம் இழுத்தது. மறுபடி கொண்டுபோனேன். இந்த முறை புதுக்கதை. "பேரிங் நல்லாதான் மேடம் இருக்கு. பின்னாடி கிரவுன் போயிருக்கு. 22,000 ஆகும்."

எங்கள் சின்ன மாமா பள்ளிகொண்டாவில் இருக்கிறார், பல வருஷமாக லாரி ஓட்டுபவர். போனில் இதைச் சொன்னதும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "ஏம்மா, உன் வண்டிக்குப் பின்னால ஏதும்மா கிரவுனு? லாரிக்கு இருக்கும், பொலிரோவுக்கு இருக்கும். உன் வண்டிய முன் சக்கரம்தான் இழுக்குது. பின்னாடி ரெண்டும் சும்மா உருளுது." இதை மட்டுமாவது நினைவில் வையுங்கள். ஸ்விஃப்ட், ஆல்டோ, ஐ20 மாதிரியான வண்டிகளில் என்ஜின் விசை முன் வீல்களுக்கு மட்டுமே போகிறது. பின்னால் கிரவுன் பினியனும் (விசையைப் பின் வீல்களுக்குத் திருப்பும் பல்சக்கரங்கள்) இல்லை, அதற்குப் போகும் ஷாஃப்டும் இல்லை. இல்லாத பாகத்துக்கு 22,000 கேட்டிருக்கிறார்கள்.

மாமா சொன்ன சத்துவாச்சாரி மெக்கானிக்கிடம் போனேன். வயசானவர், ஒரே ஒரு பையன், சின்ன ஷெட். வீலைக் கழற்றும் முன்பே, "போன்ல வீடியோ எடுத்துக்கம்மா, அப்புறம் நான் சொன்னா நம்ப மாட்டாங்க" என்றார். வீலைக் கழற்றியதும் டிரம்மின் நடுவில் இருந்த மூடியைக் காட்டினார். பேரிங் மாற்ற வேண்டுமென்றால் அந்த மூடியைத் தட்டி எடுத்து, உள்ளே இருக்கும் பெரிய நட்டைத் திறக்க வேண்டும். மூடியைச் சுற்றி வருஷக்கணக்கில் படிந்த துரு, ஒரு கீறல்கூட இல்லை. "இத யாரும் தொடவே இல்லம்மா." வலது பக்கமும் அப்படியே.

டிரம்மை எடுத்ததும் உள்ளேயிருந்து ஒரு துண்டு கீழே விழுந்தது. பிரேக் ஷூ என்பது வளைந்த இரும்புத் தகடு, அதன் மேல் ஒட்டியிருப்பது லைனிங். மழை ஈரத்தில் ஹேண்ட் பிரேக் இழுத்தபடி நாள்கணக்கில் நின்றால் லைனிங் துருப்பிடித்த டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். வண்டியை இழுக்கும்போது தகட்டை விட்டுப் பிரிந்துவிடும். நான் கேட்ட அந்த 'டக்' அதுதான். பிரிந்த லைனிங் உள்ளேயே உருண்டு உரசியிருக்கிறது. அது குறுக்கே சிக்கியிருந்தால் ஓடும்போதே வீல் பூட்டிக்கொண்டிருக்கும் என்றார். மேல்விஷாரம் நெரிசலில் பின்னால் லாரி வரும்போது அது நடந்திருந்தால் என்று இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. ஷூ செட்டும் கூலியும் சேர்த்து 2,300 வாங்கினார், பழைய ஷூவைப் பையில் போட்டுக் கொடுத்தார். சத்தம் போயே போச்சு. மழைக்காலத்தில் வண்டியை ரொம்ப நாள் நிறுத்துவதானால் கியரில் போட்டு, வீலுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிடச் சொன்னார்.

அவர் வேலை செய்துகொண்டே சொன்னவற்றையும் எழுதிவிடுகிறேன். பேரிங் போனால் பெரும்பாலும் சரக் சரக் என்று வராது. விமானம் தூரத்தில் போகிற மாதிரி ஊஊ என்று ஒரே இரைச்சல், வேகம் ஏற ஏறக் கூடும், கியரை நியூட்ரலில் போட்டாலும் மாறாது. வலப்பக்கம் வளையும்போது அது கூடினால் பெரும்பாலும் இடது பேரிங், ஏனென்றால் பாரம் அந்தப் பக்கம் சாய்கிறது. ஜாக்கி போட்டு வீலை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரியலாம். டயர் ஏற்றத்தாழ்வாகத் தேய்ந்தாலும் இதே இரைச்சல் வரும், ஆனால் ரோடு மாறினால் சத்தமும் மாறும். டயரை முன்னுக்குப் பின் மாற்றிப் போட்டால் சத்தமும் கூடவே இடம் மாறும். பிரேக்கை லேசாகத் தொட்டதும் மாறும் சத்தம் பிரேக் சம்பந்தப்பட்டது. பள்ளத்தில் மட்டும் டொக் என்றால் ஷாக் அப்சார்பர், புஷ் பக்கம் பாருங்கள். அதற்கும் முன்னால் டிக்கியைத் திறந்து ஜாக்கியும் ஸ்டெப்னியும் ஆடுகிறதா என்று பார்க்கச் சொல்கிறார்.

வீடியோவையும் பில்லையும் வைத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அதில் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு வருஷத்துக்குள் போகலாம், நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

புகார் போனதும் உரிமையாளரே கூப்பிட்டார். "ஷூ மாத்த பையன் மறந்துட்டான் மேடம், 1,500 திருப்பித் தரேன். பேரிங் மாத்தினது சத்தியம்" என்கிறார். டிரம்மைக் கழற்றாமல் பேரிங்கை மாற்ற முடியாது. கழற்றியிருந்தால் அந்தத் துண்டு அன்றைக்கே அவர்கள் காலடியில் விழுந்திருக்கும். இதை அப்படியே எழுதி, 7,100 முழுசாக வேண்டும் என்று பதில் அனுப்பியிருக்கிறேன்.