வீட்டுக் கணக்குக்கு உதவி: செயலியா, ஆளா?

கணக்கில் பிள்ளை திணறும்போது பெற்றோருக்கு வரும் குழப்பம் இது. 2014-இல் வந்த போட்டோமேத் போன்ற செயலியில் படம் எடுத்துப் போடுவதா, தெரிந்தவரிடம் உட்கார்ந்து கேட்பதா?

செலவு: செயலியில் அடிப்படை வழிமுறை இலவசம், விரிவான விளக்கத்துக்குக் கட்டணம். ஆள் என்றால் டியூஷன் கட்டணம். அண்ணனோ அக்காவோ சொல்லித்தந்தால் அதுவும் இல்லை.

வேகம்: செயலிதான். இரவு பத்து மணிக்கும் பதில் வரும்.

தவறைக் கண்டுபிடிப்பது: எனக்கு முக்கியம் இதுதான். −3 × (5 − 8) என்ற கணக்குக்குப் பிள்ளை −39 என்று எழுதியிருக்கிறது. செயலி 9 என்று சரியான வழியைக் காட்டும், அவ்வளவுதான். பக்கத்தில் இருப்பவர் நோட்டைப் பார்த்ததும், −3-ஐயும் −8-ஐயும் பெருக்கும் இடத்தில் +24-க்குப் பதில் −24 போட்டதைப் பிடித்துவிடுவார். “இங்கே குறி ஏன் மாறவில்லை?” என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், அடுத்த பத்துக் கணக்கும் சரியாக வரும். ஆனால் அவரே பேனாவை வாங்கி எழுதிக் கொடுத்தால், அதற்கும் செயலிக்கும் வித்தியாசமே இல்லை.

சொற்கணக்கு: வாக்கியத்தைச் சமன்பாடாக மாற்றுவதில்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். அதைப் பேசிப் பேசித்தான் பழக வேண்டும். இதில் ஆள்தான்.

பாடம் புரிந்து, விடையை மட்டும் சரிபார்க்க வேண்டுமா? செயலி போதும், தானே போட்டு முடித்த பிறகு மட்டும். ஒரே மாதிரித் தவறு திரும்பத் திரும்ப வருகிறதா? அப்போது நோட்டோடு ஓர் ஆளிடம் அனுப்புங்கள்.