கத்தி விடுவிப்பதும் திரை உரித்துக் காட்டுவதும்

உடற்கூறியல் வகுப்பில் சடலத்தின் அக்குளை முதன்முறையாகத் திறக்கும் மருத்துவ மாணவர், பாடநூலில் கண்ட மஞ்சள் நரம்புகளையும் சிவப்புத் தமனிகளையும் அங்கே காண்பதில்லை. கொழுப்பும் இணைப்புத்திசுவும் ஒட்டிக் கிடக்கும் மங்கிய பொதி ஒன்றைத்தான் காண்கிறார். மூடிய கத்தரிக்கோலின் முனையை அதற்குள் செலுத்தி, மெல்ல விரித்து, கை நரம்புப் பின்னலை ஒவ்வோர் இழையாக விடுவிக்கும்போது, எந்த இழை எதைத் தாண்டிச் செல்கிறது, எது இழுத்தால் அறுந்துவிடும் என்பது அவர் விரலுக்குத் தெரியவருகிறது.

உடலை முப்பரிமாணப் படமாகத் தொடுதிரையில் காட்டும் மெய்நிகர் டிசெக்‌ஷன் மேசையில் அதே அக்குளில் தோலும் தசையும் ஒரு தொடுதலில் விலகிவிடுகின்றன. பிரித்தெடுக்கும் வேலையை மென்பொருளை ஆக்கியவர்கள் முன்பே முடித்துவிட்டதால், மாணவருக்கு விடை கிடைக்கிறது, தேடல் கிடைப்பதில்லை. ஆனால் நீக்கியதைத் திரும்ப வைக்கவும், ஒரே உறுப்பை எந்தத் தளத்திலும் வெட்டிப் பார்க்கவும், அதை சி.டி. படத்தோடு அருகருகே ஒப்பிடவும் சடலத்தில் வழியில்லை. இத்தகைய மாதிரிகள் பலவற்றுக்கு வித்திட்ட அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் திட்டமும் சடலத்தையே நம்பியது: உறையவைத்த ஆண் உடலை 1 மி.மீ. இடைவெளியில் சீவிப் படமெடுத்த தரவு 1994இலும், பெண் உடலை 0.33 மி.மீ. இடைவெளியில் சீவியது 1995இலும் வெளிவந்தன. எனினும் அது ஓர் ஆண், ஒரு பெண். முன்கையின் பால்மாரிஸ் லாங்கஸ் தசை பலருக்குப் பிறவியிலேயே இருப்பதில்லை. பத்துச் சடலங்கள் பத்து மேசைகளில் கிடக்கும் கூடத்தில் அடுத்த மேசைக்குச் சென்றாலே இத்தகைய வேறுபாடு கண்ணில் படக்கூடும்.

சடலம் என்று பொதுவாகச் சொல்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஃபார்மலினில் பதப்படுத்திய உடல் விறைத்து, நிறமிழந்து, உயிருள்ள திசுவின் இயல்பைத் தவறாகவே உணர்த்துகிறது. அதிலுள்ள ஃபார்மால்டிஹைடு புற்றுநோய்க் காரணி என்பதும் உறுதியாகியுள்ளது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகர உடற்கூறியலாளர் வால்டர் தீல் 1992இல் வெளியிட்ட பதப்படுத்தும் முறையில் மூட்டுகள் மடங்குகின்றன, நிறமும் ஓரளவு நிலைக்கிறது; ஆகவே சிறு துளைவழி அறுவையான லேப்ராஸ்கோப்பி பயிற்சிக்கு அதுவே ஏற்றது. தயாரிப்புச் செலவு மட்டும் கூடுதல். ஜெர்மன் உடற்கூறியலாளர் குந்தர் ஃபான் ஹாகென்ஸ் 1977இல் உருவாக்கிய பிளாஸ்டினேஷன், திசுநீரை அசிட்டோனாலும் பின்னர் சிலிகோனாலும் மாற்றி, வெறுங்கையில் எடுக்கத்தக்க, மணமற்ற மாதிரியைத் தருகிறது. ஆனால் அதை அறுத்தவர் எதைக் காட்ட விரும்பினாரோ அதை மட்டுமே அது காட்டும்.

பாடவேளை போதாதபோது எதைத் திரைக்கு விடலாம்? மூளையின் உள்ளறைகளை விடலாம் என்பேன், ஏனெனில் வெற்றிடத்தைக் கத்தியால் எடுத்துக் கையில் தர இயலாது. உள்காதும் அவ்வாறே, எலும்புக்குள் புதைந்த அதன் சுருளைத் தேடிக் குடைவதற்குள் அது சிதைந்துபோகும். இடுப்புக்குழிக்கு, நடுவே பிளந்த ஆயத்த மாதிரியும் திரையும் சேர்ந்தால் போதும். அக்குள், கழுத்து, உள்ளங்கை ஆகிய மூன்றையும் கத்தியிடமிருந்து பறிக்கக் கூடாது. அங்கே நரம்பும் தமனியும் நெருங்கிக் கிடக்க, அவற்றுக்கு இடையிலுள்ள படலத்தைக் கண்டு விலக்குவதே பிற்காலத்தில் அறுவை மருத்துவர் அன்றாடம் செய்யும் வேலை.