ஃபேபர், ரயில் பாதை, மண்டாய்: டூரிங் (சாமான் ஏற்றி நெடுந்தூரம் ஓட்டும்) சைக்கிளோடு ஐந்து வருடம்

சைக்கிள் வாங்கி ஐந்து வருடம் ஆகிறது, மீட்டர் 18,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. குரோமோலி ஸ்டீல் ஃப்ரேம், முன்னால் 48, 36, 26 பல் என்று மூன்று செயின்ரிங் (பெடலோடு சுற்றும் பல்சக்கரம்), பின்னால் 11 முதல் 34 பல் வரை கேசட் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு), 38 மில்லிமீட்டர் டயர், கேரியரோடு சேர்த்து 14 கிலோ. "சிங்கப்பூரில் மலை எங்கே இருக்கிறது, இவ்வளவு சின்ன கியர் எதற்கு?" என்று கேட்காத ஆளே இல்லை. இங்கே மிக உயரமான புக்கிட் தீமா உச்சியே 163.63 மீட்டர்தான், அந்த உச்சிக்குப் போகும் பாதையில் சைக்கிளுக்கு அனுமதியும் இல்லை, அதனால் கேள்வி நியாயமானதுதான். ஆனால் இங்கே ஏற்றம் சின்னச் சின்னதாகச் சிதறிக் கிடக்கிறது. அதையெல்லாம் பூ கட்டுகிற மாதிரி கோத்து ஒரே நாளில் ஓட்டிப் பாருங்கள், கால் கெஞ்சும்.

நான் வருடத்துக்கு மூன்று நான்கு முறை ஓட்டுகிற சுற்று இது: ஃபேரர் பார்க்கில் புறப்பட்டு மவுண்ட் ஃபேபரில் நான்கு முறை ஏறி இறங்கி, கெண்ட் ரிட்ஜ் மேட்டுக்குப் போய், புவன விஸ்தா பக்கம் பழைய ரயில் பாதையைப் பிடித்து வடக்கே கிராஞ்சி, நியோ தியூ வழியாக லிம் சூ காங் பண்ணைகள், திரும்பும்போது மண்டாய் சாலை, பழைய அப்பர் தாம்சன் சாலை, வீடு. 100 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், ஏற்றம் மொத்தம் 800 மீட்டர் பக்கம்.

முதல் வருடம் இதைத் தலைகீழாகப் போட்டேன். காலை எட்டு மணிக்குக் கிளம்பி, வடக்கை முதலில் முடித்து, ஃபேபரைக் கடைசிக்கு வைத்தேன். மதியம் மூன்று மணி வெயிலில் இரண்டாவது ஏற்றத்தின் பாதியில் இடது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். கூட வந்த அண்ணன் உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீரை நீட்டிவிட்டு, "தம்பி, ஏத்தத்துல பல்லைக் கடிக்காதே, பல்லை மாத்து" என்றார். அன்று நான் 36 பல் செயின்ரிங்கிலேயே இழுத்துக்கொண்டிருந்தேன். முன்னால் 26 பல், பின்னால் 34 பல் போட்டால் ஒரு பெடல் சுற்றுக்குச் சுமார் 1.67 மீட்டர்தான் நகரும், நிமிடத்துக்கு 60 சுற்று சுற்றினால் மணிக்கு 6 கிலோமீட்டர். நடையை விடக் கொஞ்சம் வேகம், அவ்வளவுதான், ஆனால் மூச்சு வாங்காது. டூரிங் சைக்கிளின் மொத்த அருமையும் இந்த ஒரு கியரில்தான் இருக்கிறது என்பது என் முடிவு.

அதன் பிறகு திட்டம் போடும்போது தூரத்தை அல்ல, ஏற்றங்களின் வரிசையைத்தான் முதலில் எழுதுகிறேன். இங்கே வருடம் முழுக்க ஏறக்குறைய ஏழு மணிக்குத்தான் விடிகிறது, அதனால் ஐந்து மணிக்கே கிளம்பினால் ஃபேபர் நான்கும் இருட்டிலேயே முடிந்துவிடும் (முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, சாலையில் ஹெல்மெட், இதெல்லாம் சட்டம்). கெண்ட் ரிட்ஜ் முடித்த சூட்டோடு ரயில் பாதை வந்துவிட வேண்டும். அதுதான் இந்தத் திட்டத்தின் முதுகெலும்பு. ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது, ஆகவே போட்டவர்கள் மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, மட்டமாகவே போட்டிருக்கிறார்கள். 2011 ஜூன் 30-ஆம் தேதி கடைசி ரயில் போன பிறகு 24 கிலோமீட்டர் பசுமைப் பாதையாக நமக்குக் கிடைத்திருக்கிறது. இரண்டு ஏற்றக் கூட்டத்துக்கு நடுவில் கால் ஆற இதைவிட நல்ல இடம் தீவில் இல்லை. மழை பெய்த மறுநாள் மட்டும் சில இடங்களில் களிமண் மட்கார்டுக்குள் அடைத்துக்கொள்ளும், ஒரு குச்சி எடுத்து நோண்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

கிராஞ்சியில் தண்ணீரை முழுசாக நிரப்புங்கள், மூன்று பாட்டில். லிம் சூ காங் பக்கம் நினைத்த இடத்தில் கடை கிடைக்காது. அங்கே சாலையும் நேர்க்கோடு, ஆகாயப்படை பயிற்சியின்போது போர் விமானம் இறக்கியிருக்கிற அளவுக்கு நேர், எதிர்க்காற்று அடித்தால் ஒதுங்க இடமே இல்லை. நான் பேரீச்சம்பழமும் தேக்கா பக்கம் வாங்குகிற கடலை மிட்டாயும்தான் கொண்டுபோகிறேன், மணிக்கு ஒரு முறை பசிக்காவிட்டாலும் வாயில் போட்டுவிடுவேன்.

இன்னொன்று, நிறையப் பேர் யோசிப்பதில்லை. எம்ஆர்டி ரயிலில் மடக்கு சைக்கிள் மட்டும்தான் ஏற்றலாம், மடக்கிய பிறகு 120க்கு 70க்கு 40 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். நம் சைக்கிள் மடங்காது. முடியவில்லை என்றால் பெரிய வண்டி கூப்பிட வேண்டும், இல்லை தள்ளிக்கொண்டு வர வேண்டும். எங்கே நிறுத்தினால் வண்டி வரும் என்று முன்கூட்டியே இரண்டு மூன்று இடம் குறித்து வையுங்கள். அப்புறம் மழை: விடியற்காலையில் சுமத்ரா காற்றோடு வருகிற மழை ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும், காத்திருந்தால் போதும். ஏப்ரல், மே மதிய இடிமழை அப்படி இல்லை, மின்னல் தெரிந்தால் நான் ஓட்டுவதில்லை.

சைக்கிளைப் பற்றி. ஃப்ரேமில் குறையே சொல்ல முடியாது. ஷ்வால்பே மராத்தான் டயரில் இத்தனை வருடத்தில் மூன்றே பஞ்சர், ரயில் பாதைக்குக் கொஞ்சம் காற்றைக் குறைத்துக்கொள்வேன். தோல் சீட்டில் டிசம்பர் மழையின்போது வெள்ளைப் பூஞ்சை பிடித்தது, துடைத்துக் காயவைத்து மெழுகு தடவினால் சரியாகிறது, ஆனால் வருடாவருடம் இதே வேலை. வியர்வை சொட்டுகிற போல்ட் எல்லாம் துரு. இரண்டாம் வருடம் சர்வீஸ் செய்து கொடுத்த ஒரு கடையில் கேரியர் போல்ட்டைச் சரியாக முடுக்கவில்லை. மண்டாய் இறக்கத்தில் அது கழன்று விழுந்து, பை சக்கரக் கம்பிகளில் உரச ஆரம்பித்தது. கேபிள் டை இரண்டு போட்டுக் கட்டித்தான் வீடு வந்தேன். அன்றிலிருந்து கிளம்புவதற்கு முந்தைய இரவு எல்லா போல்ட்டையும் நானே கையால் தொட்டுப் பார்க்கிறேன்.

போன மாதம் 26 பல் செயின்ரிங்கைக் கழற்றிவிட்டு 24 பல் மாட்டினேன். பெடல் சுற்றுக்கு 1.54 மீட்டர். பின்னால் எட்டு கிலோ பையோடு, ஃபேபர் நான்காவது முறையும் சீட்டை விட்டு எழுந்திருக்காமல் ஏறினேன். மேலே போய் நின்றபோது இன்னும் விடியவில்லை, துறைமுக விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.