கிராஃபானா: அப்ரைசலுக்கு உதவுமா?

கிராஃபானா என்பது சர்வர்கள் எப்படி ஓடுகின்றன என்பதைக் கிராஃபாகக் காட்டும் மென்பொருள். அதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் எத்தனை டேட்டா சோர்ஸ், எத்தனை வகை சார்ட் என்றுதான் எழுதுகிறார்கள். எனக்கு வேண்டியது வேறு. கோயம்புத்தூரில் ஒரு மில்லின் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். என் மேனேஜர் அக்கவுண்ட்ஸிலிருந்து வந்தவர். வரவு, பாக்கி என்றால் பைசா பிசகாமல் பிடிப்பார்; சிபியு லோடு என்று ஆரம்பித்தால் போனை எடுத்து நோண்டத் தொடங்கிவிடுவார். அவரிடம் என் வேலையைக் காட்ட இது உதவுமா என்பது மட்டும்தான் இங்கே கேள்வி.

விலையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2014இல் வந்த ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். 2021இல் லைசென்ஸை அபாச்சியிலிருந்து ஏஜிபிஎல்லுக்கு மாற்றினார்கள்; ஆபீசுக்குள் போட்டு நாமே பார்த்துக்கொள்ள இன்றும் காசு இல்லை. பழைய டெஸ்க்டாப் ஒன்றே போதும். பர்ச்சேஸ் ஆர்டருக்காக யார் கேபின் வாசலிலும் நிற்க வேண்டாம், அதுவே பெரிய நிம்மதி.

நெட்டில் கிடைக்கும் ரெடிமேட் டேஷ்போர்டை (கிராஃப்களை அடுக்கிவைத்த திரையை) இறக்கி அப்படியே மேனேஜரிடம் நீட்டாதீர்கள். எல்லாம் பச்சையாக இருந்தால், “பிரச்சினை ஒண்ணும் இல்லீங்கள்ல?” என்று கேட்டு மூடிவிடுவார். வராமல் தடுத்த பிரச்சினைக்கு எந்த கிராஃபிலும் கோடு கிடையாது.

அங்கேதான் அனோட்டேஷன் கைகொடுக்கிறது. கிராஃபில் ஒரு நேரத்தைக் கிளிக் செய்து, அப்போது என்ன செய்தோம் என்று ஒரு வரி எழுதிவைக்கலாம். அந்த இடத்தில் செங்குத்தாக ஒரு கோடு நிற்கும். ஸ்டாக், இன்வாய்ஸ் எல்லாம் ஓடும் எங்கள் இஆர்பி மென்பொருளில் மாதக் கடைசியில் யாராவது ஸ்டாக் ரிப்போர்ட் எடுத்தால் இன்வாய்ஸ் போடும் இடம் திணறும், லோடு ஏற்றிய லாரி கேட்டில் நிற்கும். ஸ்டாக் விவரம் இருக்கும் டேட்டாபேஸ் டேபிளுக்கு, தேடல் வேகமாக நடக்க ஓர் இண்டெக்ஸ் போட்டேன். பேக்கப் ஓடும் நேரத்தையும் நள்ளிரவுக்குத் தள்ளினேன். இரண்டையும் தமிழிலேயே குறித்துவைத்தேன். ரிவியூவில் இன்வாய்ஸ் நேரத்துக்கான கிராஃபைத் திறந்ததும் சார் ஸ்கிரீனில் விரலை வைத்தார்.

“இந்த எடத்துல டபக்குன்னு எறங்குதுங்களே, என்ன பண்ணுனீங்க?”

மில்லி செகண்டை விட்டுவிட்டு லாரிக் கணக்கைச் சொன்னேன். “ஓ, டிஸ்பாட்ச்காரங்க சாயந்திரமானா போன் பண்ணிக் கத்துறது நின்னது இதனாலதானா?” என்று அவரே முடிச்சுப் போட்டுக்கொண்டார். நானாக அதைச் சொல்லியிருந்தால் பீற்றிக்கொள்வதாகப் பட்டிருக்கும்.

கிராஃபானாவின் பின்னால், சர்வர் அளவுகளைச் சேகரித்துத் தரும் ப்ரோமிதியஸ் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அது தானாக 15 நாள் தரவைத்தான் வைத்திருக்கும். அப்ரைசலோ வருஷத்துக்கு ஒருமுறை. அனோட்டேஷன் கிராஃபானாவின் சொந்த டேட்டாபேஸில் இருப்பதால் அது அழியாது. ஆக, ஜூனில் செய்த வேலையை மார்ச்சில் காட்டப்போனால் குறிப்பு மட்டும் நிற்கும், பக்கத்தில் கிராஃபின் கோடு இருக்காது. ப்ரோமிதியஸ் தரவை வைத்திருக்கும் காலத்தை (ரிடென்ஷனை) 400 நாள் என்று முதல் நாளே மாற்றிவிடுங்கள். கிராஃபானாவை டாக்கர் கன்டெய்னருக்குள் ஓட்டுகிறவர்கள், தரவைக் கன்டெய்னருக்கு வெளியே சேமிக்கும் வால்யூம் போட மறந்தால், கன்டெய்னரைப் புதிதாக்கும்போது குறிப்பும் சேர்ந்து போய்விடும்.

மேனேஜருக்கென்று தனியாக ஒரு டேஷ்போர்டு வைத்திருக்கிறேன், அதில் மூன்றே கட்டங்கள். எஸ்எஸ்எல் சர்டிஃபிகேட் (வெப்சைட்டின் பாதுகாப்புச் சான்று) முடிய எத்தனை நாள், டிஸ்க் நிரம்ப எத்தனை நாள், இந்த மாதம் இஆர்பி எத்தனை நிமிஷம் நின்றது. டியூ டேட் பார்த்தே பழகியவருக்கு நாள் கணக்கு உடனே பிடிபடுகிறது. சர்வர் ஓடிய நேரம் 99.9 சதவீதம் என்று போட்டால் பிரமாதம் என்பார், ஆனால் அது மாதத்துக்கு சுமார் 43 நிமிஷம் நின்றதற்குச் சமம். நிமிஷமாகவே காட்டினால் எது எந்த நாளில் என்று கேட்பார், நமக்கும் பதில் சொல்ல ஒரு வாய்ப்பு.

குறை இல்லாமல் இல்லை. மாதாமாதம் பிடிஎஃப் ரிப்போர்ட்டாகத் தானே மெயில் அனுப்பும் வசதி காசு கொடுக்கும் பதிப்பில்தான். போனில் திறந்தால் கட்டங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நீள்கின்றன. சார் இரண்டாவது கட்டத்துக்கு மேல் தள்ளிப் பார்க்க மாட்டார். அதனால் மாதக் கடைசியில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கீழே இரண்டு வரி எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். நீல டிக் விழுகிறது. சில மாதம் அதை அப்படியே எம்டிக்கும் தட்டிவிடுகிறார்.

நாள் முழுக்க டிக்கெட் (பதிவான புகார்) மூடும் வேலையில் இருப்பவர்களுக்கு இது தேவைப்படாது, அந்தக் கணக்கை டிக்கெட் சிஸ்டமே காட்டிவிடும். சர்வர், நெட்வொர்க், டேட்டாபேஸ் ஆட்களுக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஒன்றைக் குறைத்தது அந்த பிடிஎஃப்புக்காக.