கணைய நீர்க்கட்டி: ஒரு சொட்டை எதற்குக் கொடுப்பது?

எண்டோஸ்கோப்பி வழியே ஊசி செலுத்திக் கணைய நீர்க்கட்டியிலிருந்து உறிஞ்சிய நீரை, மருத்துவர் கையுறை விரல்கள் இரண்டுக்கு நடுவே வைத்து மெல்ல இழுத்துப் பார்ப்பதுண்டு. ஒரு சென்டிமீட்டருக்கு நூல்போல நீண்டு, ஒரு நொடியாவது அறாமல் நின்றால், உள்ளே கோழை இருக்கிறது. செலவே இல்லாத சோதனை இது. நாளடைவில் புற்றாகக்கூடியவை பெரும்பாலும் கோழை சுரக்கும் கட்டிகளே என்பதால்தான் இத்தனை தேடல்.

சிறிய கட்டியில் அரை மில்லி நீர் தேறுவதே கடினம். ஆகவே சோதனைகளுக்குள் போட்டி.

நெடுங்காலமாக முன்வரிசையில் இருப்பது, கட்டி நீரில் அளக்கும் சி.இ.ஏ. என்ற புரதம். 2004இல் வெளியான அமெரிக்கக் கூட்டாய்வு வகுத்த எல்லை, மில்லிலிட்டருக்கு 192 நானோகிராம். அதைத் தாண்டினால் கோழைக் கட்டி என்று பெரும்பாலும் நம்பலாம். தாண்டாவிட்டால்தான் வம்பு, கோழைக் கட்டிகளில் கணிசமானவை அந்தக் கோட்டுக்குக் கீழேயே நின்றுவிடுகின்றன. அந்த ஆய்விலேயே துல்லியம் 79 சதவீதம்தான். அறிக்கையில் எண் பெரிதாக இருந்தால் புற்றுநோய் என்று பதறுகிறவர்கள் உண்டு. இந்த எண் கட்டியின் வகையைத்தான் காட்டும். புற்றாகிவிட்டதா என்பதைக் காட்டாது.

என் ஓட்டு குளுக்கோஸுக்கு. டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் கோழைக் கட்டி என்று கருதுகிறார்கள். விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் சிறு கருவியே இதற்குப் போதும். ஒரு சொட்டு, சில நொடிகள். கோழைக் கட்டிகளில் ஏறத்தாழ 90 சதவீதத்தை இது பிடித்துவிடுகிறது, சி.இ.ஏ. பிடிப்பது 60 சதவீதத்தை ஒட்டித்தான். ஒரு குறை உண்டு: கணைய அழற்சிக்குப் பின் உருவாகும் போலிக் கட்டியிலும் குளுக்கோஸ் இறங்கியிருக்கலாம். அந்த ஐயத்தைத் தீர்க்க, கணையம் சுரக்கும் செரிமான நொதியான அமைலேஸின் அளவு உதவும். லிட்டருக்கு 250 யூனிட்டுக்குக் கீழே என்றால் போலிக் கட்டி அநேகமாக இல்லை. கூடியிருந்தால் அதைக் கொண்டு எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

செல் பரிசோதனையில் புற்றுச் செல் தென்பட்டால் மறுபேச்சில்லை. ஆனால் நீரில் செல்களே அரிது. 'ஒன்றும் இல்லை' என்ற அறிக்கையை நம்பி நிம்மதியாக உறங்க முடியாது.

மிச்ச நீரை மரபணுச் சோதனைக்குத்தான் தருவேன். கேராஸ் என்ற மரபணுவில் மாற்றம் தெரிந்தால் அது கோழைக் கட்டியைச் சுட்டும், ஜி.என்.ஏ.எஸ். மரபணுவில் தெரிந்தால் கணையக் குழாயில் கிளைத்த கோழைக் கட்டியை, வி.எச்.எல். மரபணுவில் மட்டும் தெரிந்தால், கோழையில்லாத தெளிநீர் கொண்ட தீங்கற்ற சீரஸ் கட்டியை. டி.பி.53, ஸ்மாட்4 மரபணுக்களில் மாற்றம் தெரிந்தால் கட்டி முற்றிய நிலையை எட்டியிருக்கக்கூடும். விலை அதிகம், எல்லா ஆய்வகங்களிலும் கிடைப்பதில்லை, கிடைக்காத இடத்தில் சி.இ.ஏ.வுக்கே திரும்ப வேண்டியதுதான்.

ஸ்கேனிலேயே கட்டிக்குள் திடமான முண்டு தெரிந்து அறுவைக்கு நாளும் குறித்தாயிற்று என்றால், எந்த விடை வந்தாலும் முடிவு மாறப்போவதில்லை, ஊசியே வேண்டாம்.