யோசேபஸா, டாசிட்டஸா? இயேசுவுக்கான வெளிச்சான்றுகள்

விவிலியத்துக்கு வெளியே இயேசுவைத் தேடுவோர் யோசேபஸ், டாசிட்டஸ் என்ற பண்டைய வரலாற்றாசிரியர் இருவரில் யாரை நாடுவது என்று தயங்குகின்றனர்.

காலம்: யூதரான யோசேபஸ் எழுதியது கி.பி. 93 அளவில், உரோமரான டாசிட்டஸ் எழுதியது ஏறத்தாழ 116இல்.

நம்பகம்: யோசேபஸ் எழுதிய யூத வரலாற்றின் பதினெட்டாம் நூலில், இயேசுவைப் பற்றி 'அவரே மெசியா' (கடவுள் அனுப்பும் மீட்பர்) என வரும் இடத்தில் கிறித்தவப் படியெடுப்போரின் கை பட்டிருப்பதைப் பெரும்பாலான அறிஞர் ஏற்கின்றனர், ஆயினும் இருபதாம் நூலில், யாக்கோபு கல்லெறிந்து கொல்லப்பட ஒப்படைக்கப்பட்டதைச் சொல்லும்போது, அவரைக் 'கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரர்' என்று போகிறபோக்கில் அடையாளம் காட்டும் வரி, எதையும் நிறுவ முயலாததாலேயே, எனக்கு மிக வலுவானதாகத் தோன்றுகிறது. கிறித்தவத்தைக் கேடான மூடநம்பிக்கை எனப் பழித்த டாசிட்டஸோ, 64ஆம் ஆண்டின் உரோமைத் தீயை விவரிக்கையில், பேரரசர் திபேரியு ஆட்சியில் யூதேயாவின் உரோமை ஆளுநர் பிலாத்து இயேசுவுக்கு விதித்த மரணதண்டனையைப் பதிவுசெய்கிறார்.

குறை: பிலாத்தின் பதவிப்பெயரை (பிரிஃபெக்ட் என்பதற்குப் பதில் புரோகுரேட்டர் என) டாசிட்டஸ் பிழையாகத் தந்தது 1961இல் இன்றைய இஸ்ரேலின் செசரியாவில் கிடைத்த கல்வெட்டால் தெளிவானது.

இயேசுவின் குடும்பத்தை அறிய யோசேபஸையும், மரணத்தை உறுதிசெய்ய டாசிட்டஸையும் நாடலாம்.