பிரிக்பீல்ட்ஸ் யாப்பு வகுப்பு: வெண்பாவுக்கு நம்பிப் போகலாம், மெட்டுக்குப் போதாது

யாப்பு, அதாவது செய்யுள் இலக்கணம், சொல்லித்தரும் வகுப்பு இது: சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம். ஒரு சுற்று பத்து வாரம். கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். பத்துப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. எல்லாருடைய அடிகளையும் பலகையில் எழுதித் திருத்துவதால் அது நியாயம்தான்.

சொல்லை நேர் (ஒரே உயிரொலி), நிரை (குறிலில் தொடங்கும் இரண்டு உயிரொலி) என்று அசை பிரிப்பது முடிந்ததும் தளை, அதாவது ஒரு சீரின் (அசைகள் சேர்ந்த அலகு) முடிவும் அடுத்த சீரின் தொடக்கமும் இணையும் முறை. நேரில் முடியும் ஈரசைச் சீர் மா, நிரையில் முடிவது விளம், நேரில் முடியும் மூவசைச் சீர் காய். இவற்றை அடுத்து வெண்பாவில் வர வேண்டியதை மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர் என்று ஒப்பிக்க விடாமல், நம் ஊர்ப்பெயர்களையே அலகிடச் (அசை பிரித்துச் சீர் காணச்) சொல்கிறார் ஆசிரியர். வகுப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ‘கோலாலம்பூர்’ நான்கும் நேரசை, அதாவது தேமாந்தண்பூ என்ற வாய்பாடு. நாலசைச் சீருக்கு வெண்பாவில் இடமில்லை. ‘கோலா லம்பூர்’ என்று இரண்டு சீராக்கினாலோ மா முன் நேர் வந்து வெண்பாவுக்கு ஆகாத ஆசிரியத்தளை தட்டும். சொல்லை இடையில் உடைத்து ஒரு பகுதியை முந்தைய சீரோடு சேர்க்கும் வகையுளிதான் வழி: ‘எழில்மிகுகோ லாலம்பூர்’. கருவிளங்காய் (நிரை நிரை நேர்) முன் நேர், வெண்பாவுக்கு ஏற்ற வெண்சீர் வெண்டளை. லாலம்பூரும் காய்ச்சீர் என்பதால் அடுத்த சீரையும் நேரில்தான் தொடங்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். பினாங்குக்கு இந்தத் தொல்லை கிடையாது. முந்தைய சீர் மாச்சீராக இருந்தால் போதும், குற்றியலுகரத்தோடு ‘பிறப்பு’ வாய்பாட்டில் (நிரையோடு உகரம்) வெண்பாவின் ஈற்றுச் சீராக அழகாய் அமரும்.

எதுகையிலும், அதாவது இரண்டாம் எழுத்து ஒன்றுவதிலும், கண்டிப்பு உண்டு. ‘பட்டு–கட்டு’ சரி. ‘பாட்டு–கட்டு’ தள்ளுபடி: இரண்டாம் எழுத்து ஒன்றினாலும் முதலெழுத்தின் அளவு (குறிலா நெடிலா என்பது) ஒக்கவில்லை. சினிமாப் பாட்டில் ஊறிய காது அடியின் கடைசியில் வரும் இயைபையே எதுகை என்று எடுத்துக்கொள்ளும். அதைத் திருத்த ஒரு வாரம் முழுதும் ஒதுக்கியிருப்பது பாராட்டத்தக்கது.

இசைப்பாடலுக்குக் கடைசி வாரம் மட்டுமே. பெரிய குறை இது. ‘வந்து’, ‘வந்தாய்’ இரண்டும் அசைக்கணக்கில் தேமா (நேர் நேர்). சந்தக்கணக்கில், அதாவது ஓசையின் கால அளவில், ஒற்றடுத்த குறிலுக்கு இரண்டு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, தனிக்குறிலுக்கு ஒன்று. ஆக முதலாவது மூன்று மாத்திரை, அடுத்தது நான்கு. தளை பிசகாத அடி தாளத்தில் இழுபடுவதற்குக் காரணம் இந்த ஒரு மாத்திரைதான். குறிப்புத்தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

கட்டணம் சுற்றுக்கு 150 ரிங்கிட், வெண்பா எழுத வருகிறவர்களுக்குத் தாராளமாகத் தகும். மெட்டுக்கு எழுத நினைப்பவர்கள் சந்தத்துக்குத் தனி வாரம் உண்டா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.